புண் ஆறிய பிறகும் வலிப்பது ஏன்?

அக்கி வந்து, கொப்புளமெல்லாம் உதிர்ந்து, மாதக்கணக்கில் ஆன பிறகும் “சட்டை பட்டாலே எரியுது” என்று ஒருவர் சொன்னால், வீட்டில் இருப்பவர்களே பாதிதான் நம்புகிறார்கள். தோலில் புண் இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. அப்புறம் எங்கிருந்து வலி? சர்க்கரையால் ராத்திரி பூராவும் பாதம் எரிகிறவர்களும், டிஸ்க் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தும் கால் குடைச்சல் விடாதவர்களும் இதே கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் இருக்கும் நம் ஆட்கள் மருத்துவமனைக்குப் போகும்போது, அவர்கள் தமிழில் சொல்வதை டாக்டரிடம் இந்தியில் எடுத்துச் சொல்லத் துணைக்குப் போவது எனக்குப் பழக்கம். அப்படிப் போன இடங்களில் “ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுதான்” என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அதைத் தமிழில் சொல்ல எனக்கு நாக்கு வந்ததே இல்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. அந்த வலிக்கு உடம்புக்குள் ஒரு முகவரி இருக்கிறது. வலி இழைகள் தண்டுவடத்துக்குள் நுழைந்து அங்கிருக்கும் நரம்புச் செல்களைச் சந்திக்கும் இடம்தான் அது. சாதாரண ஸ்கேனில் தெரிகிற அளவு அதற்கு இல்லை.

பாதத்தில் முள் குத்தினால் அங்கிருந்து மூளை வரை ஒரே கம்பியாகச் செய்தி ஓடுகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெகார்த் சொன்னதும் கிட்டத்தட்ட இதைத்தான்: நெருப்பு காலில் பட்டால் ஒரு நூல் இழுபடுகிறது, மேலே மூளையில் மணி அடிக்கிறது. பார்க்கச் சரியாகத் தெரியும் விளக்கம். அதனால்தான் முந்நூறு வருடம் தாக்குப்பிடித்தது. ஆனால் காலில் இருந்து கிளம்பும் வலி இழை மூளைக்குப் போவதே இல்லை. அது தண்டுவடத்திலேயே முடிந்துவிடுகிறது. அங்கே வேறொரு செல்லிடம் செய்தியை ஒப்படைக்கிறது. ஒப்படைக்கும்போது செய்தி பெருகலாம், குறையலாம், அங்கேயே நின்றும் போகலாம்.

இழையிலிருந்து தொடங்குவோம். தாராவியின் தமிழ் வீடுகளில் விடியும் முன்பே இட்லி அவிந்துகொண்டிருக்கும். மும்பை முழுக்கத் தெருவில் விற்பனையாகும் இட்லியில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் கிளம்புகிறது. கொப்பரையின் விளிம்பில் விரல் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குள் முடியும் மெல்லிய நரம்பு நுனிகளில் ‘டிஆர்பிவி1’ என்ற புரதம் பதிந்திருக்கிறது. வெப்பம் சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் அது திறந்துகொண்டு, சோடியத்தையும் கால்சியத்தையும் உள்ளே விடுகிறது. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசினும் இதே புரதத்தைத்தான் திறக்கிறது. மிளகாய் கிள்ளிய கை நெருப்புப் பட்டதுபோல எரிவதற்குக் காரணம் அதுதான். டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் இதை 1997இல் கண்டுபிடித்தது. 2021இன் மருத்துவ நோபல் பரிசை அவர் ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

சூடு மின்துடிப்பாக மாறியதும் இரண்டு வகை இழைகள் அதைச் சுமந்து போகின்றன. ஏ-டெல்டா இழைக்கு மையலின் என்ற மெல்லிய கொழுப்பு உறை உண்டு. விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். சி இழைக்கு அந்த உறை இல்லை. விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டர் வரைதான் அதன் வேகம், தாதர் நடைமேம்பாலத்தில் கூட்டமில்லாத நேரத்தில் நாம் நடக்கும் வேகம்தான். அதனால்தான் சுட்ட விரலில் வலி இரண்டு தவணையாக வருகிறது. முதலில் சுரீர் என்று ஒன்று, இன்ன இடம் என்று துல்லியமாகச் சொல்லக்கூடியது. ஒரு விநாடி கழித்து, எரிச்சலாகப் பரவி நெடுநேரம் நிற்கும் இன்னொன்று. முதலாவது ஏ-டெல்டா கொண்டுவந்தது, இரண்டாவது சி. இதற்கெல்லாம் முன்பே கை விலகியிருக்கும். அந்த உத்தரவைத் தண்டுவடமே போட்டுவிடுகிறது, மூளைக்காகக் காத்திருப்பதில்லை.

இந்த இழைகளின் தாய்ச்செல் தோலிலும் இல்லை, தண்டுவடத்துக்குள்ளும் இல்லை. முதுகெலும்புகளுக்கு இடையே, தண்டுவடத்தை ஒட்டியபடி இருபுறமும் சிறிய நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, ஒரு கையைத் தோலுக்கும் மறு கையைத் தண்டுவடத்துக்கும் நீட்டியிருக்கிறது அந்தச் செல். கால் கட்டைவிரலுக்கு வரும் செல்லாக இருந்தால் அதன் நீளம் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அக்கியைப் பற்றிப் பேசும்போது இந்த முடிச்சுக்குத் திரும்ப வருவேன்.

தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பட்டாம்பூச்சி வடிவில் சாம்பல் நிறப் பகுதி தெரியும். அதன் முதுகுப்பக்க இறக்கைக்குப் பின்கொம்பு என்று பெயர். உள்ளே வரும் வலி இழை நேராக அதற்குள் போய்விடாது. முதலில் ஒன்றிரண்டு கணு மேலும் கீழும் கிளை அனுப்பிவிட்டுத்தான் நுழையும். 1952இல் ஸ்வீடனின் புரோர் ரெக்செட், பூனையின் தண்டுவடத்தை ஆராய்ந்து அந்தச் சாம்பல் பகுதியைப் பத்து அடுக்குகளாகப் பிரித்தார். மனிதருக்கும் இன்றுவரை அந்தக் கணக்குதான். சி இழைகள் பெரும்பாலும் முதல் இரண்டு அடுக்குகளில் முடிகின்றன. ஏ-டெல்டா முதல் அடுக்கிலும் ஐந்தாவதிலும் முடிகிறது. வலியோடு சம்பந்தமில்லாத, வெறும் தொடுதலைச் சொல்லும் தடித்த ஏ-பீட்டா இழைகள் மூன்றாவது அடுக்கும் அதற்குக் கீழும்.

இந்த அடுக்குகளில் இருக்கும் செல்களில் மூளைக்குச் செய்தி அனுப்புபவை மிகமிகக் குறைவு. மற்றதெல்லாம் இடைச்செல்கள், அக்கம்பக்கத்தில் மட்டும் பேசிக்கொள்பவை. அவற்றில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, காபா, கிளைசின் போன்ற பொருள்களை விட்டு அடுத்த செல்லை அடக்கும் வேலையைச் செய்கின்றன. வெறுமனே செய்தியைக் கைமாற்றுவதற்கு இத்தனை செல்கள் தேவையில்லை. அந்த இடத்தில் ஒரு தீர்மானம் நடக்கிறது என்பதற்கு இந்த அமைப்பே சாட்சி.

இரண்டு செல்கள் சந்திக்கும் அந்த இடத்துக்கு சார்லஸ் ஷெரிங்டன் 1897இல் வைத்த பெயர் சினாப்ஸ். செல்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி, அதாவது ஒரு மில்லிமீட்டரை 50,000 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. துடிப்பு இழையின் முனையை அடைந்ததும் கால்சியம் உள்ளே பாய்கிறது. முனையில் தயாராக இருக்கும் நுண்பைகள் உடைந்து குளுட்டமேட் என்ற தூண்டும் வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அது இடைவெளியைக் கடந்து, எதிர்ச் செல்லில் அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஆம்பா ஏற்பிகளில் ஒட்டி, சில மில்லிவிநாடிகளில் அதைத் தூண்டிவிட்டு மறைந்துவிடுகிறது. சாதாரணக் கிள்ளலுக்கு இவ்வளவுதான் நடக்கும்.

சூடு பலமாக இருந்து இழை விடாமல் துடித்தால் வேறு பொருள்களும் வெளிவரும். அவற்றில் பேர்போனது சப்ஸ்டன்ஸ் பி. 1931இல் வான் ஆய்லரும் காடமும் கண்டெடுத்தது. குளுட்டமேட்போல உடனே மறையாது. பக்கத்துச் செல்களுக்கும் பரவி, விநாடிக்கணக்கில் அவற்றைத் தூண்டுநிலையில் வைத்திருக்கும். இதைத் தடுத்தால் வலி நின்றுவிடும் என்று மருந்து நிறுவனங்கள் பெரிதாக நம்பின. எலிகளில் பலன் தெரிந்தது, மனிதர்களிடம் எடுபடவில்லை. அந்த வகை மருந்தான அப்ரெபிடன்ட் இன்று கீமோவுக்குப் பிறகு வரும் வாந்தியைத் தடுக்கத்தான் பயன்படுகிறது. தண்டுவடத்தில் ஒரே ஒரு வேதிப்பொருளை அடைத்தால் போதும் என்பது நடக்காது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இது.

இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி தணிவதை எல்லா அம்மாக்களும் அறிவார்கள். அது ஏன் என்பதற்கு ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தேய்க்கும்போது தொடுதலின் ஏ-பீட்டா இழைகள் தூண்டப்படுகின்றன. அவை பின்கொம்பில் இருக்கும் அடக்கும் செல்களை எழுப்புகின்றன. அந்தச் செல்கள் வலியின் செய்தியை மேலே போகவிடாமல் குறைக்கின்றன. வாசல் கொள்கை என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. அவர்கள் வரைந்த இணைப்புகளில் சில பிற்பாடு தவறு என்று தெரிந்தன, ஆனால் அடிப்படை நிலைத்துவிட்டது. பிசியோதெரபியில் தோலில் ஒட்டி மின்சாரம் கொடுக்கும் டென்ஸ் கருவியும் இந்த வழியில்தான் வேலை செய்கிறது.

ஒரே செல்லில் பல இடத்துச் செய்திகள் வந்து குவிவதால் இன்னொரு விளைவும் உண்டு, உயிர் சம்பந்தப்பட்டது. இதயத்திலிருந்து வரும் வலி இழைகளும் இடது கை, மார்புத் தோலிலிருந்து வரும் இழைகளும் மேல்முதுகுக் கணுக்களில் ஒரே செல்களைச் சந்திக்கின்றன. மூளைக்கு அந்தச் செல்லிடமிருந்து பழகிய செய்தி தோலிலிருந்து வருவதுதான். ஆகவே இதயத்தின் வலியைக் கை வலியாகப் படித்துக்கொள்கிறது. மாரடைப்பை வாயுப் பிடிப்பு என்று நினைத்து, சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. நெஞ்சில் அழுத்தத்தோடு இடது கையும் வலித்து வியர்த்தால், கையில் ஒன்றும் இல்லை என்று தடவிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

சரி, புண் ஆறிய பிறகும் நிற்காத வலிக்கு வருவோம்.

அறுபதுகளின் நடுவில் லோர்ன் மெண்டெல் ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார். சி இழையை விநாடிக்கு ஒரு தடவை, அதே பலத்தில் திரும்பத் திரும்பத் தூண்டினால், தண்டுவடச் செல் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாகத் துடிக்கிறது. உள்ளே வருவது கூடவில்லை, வெளியே போவது கூடிக்கொண்டே போகிறது. இதன் சூட்சுமம் என்எம்டிஏ என்ற இன்னொரு குளுட்டமேட் ஏற்பியில் இருக்கிறது. சாதாரண நேரத்தில் ஒரு மக்னீசிய அயனி அதன் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். செல் விடாமல் தூண்டப்பட்டால் மக்னீசியம் விலகுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கால்சியம் செல்லுக்குள் நொதிகளைக் கிளப்பி, இருக்கும் ஏற்பிகளின் கூர்மையைக் கூட்டுகிறது, புதிய ஏற்பிகளையும் மேலே கொண்டுவந்து நிறுத்துகிறது. இனி அதே செல் சின்னத் தூண்டுதலுக்கும் பெரிதாகக் கத்தும். ஆபரேஷன் தியேட்டரில் கெட்டமின் கொடுக்கிறார்களே, அது அடைப்பது இந்த ஏற்பியைத்தான்.

1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இதை முழு விலங்கில் காட்டினார். எலியின் பாதத்தில் சூட்டுக் காயம் ஏற்பட்ட பிறகு தண்டுவடத்தின் எதிர்வினை பன்மடங்கு கூடியது. காயத்திலிருந்து வரும் செய்தியை மரப்பு மருந்தால் நிறுத்திய பிறகும் அது உடனே அடங்கவில்லை. வலியைத் தூக்கிப்பிடித்திருந்தது காயம் மட்டுமல்ல, தண்டுவடமே மாறிவிட்டது. வலி ஆராய்ச்சியில் இதைவிட முக்கியமான கட்டுரை அந்தப் பத்தாண்டில் வரவில்லை என்பது என் கருத்து. அதுவரை மிகைப்படுத்துகிறார்கள், நடிக்கிறார்கள் என்று ஒதுக்கப்பட்ட நோயாளிகளின் பக்கம் ஆதாரத்தோடு நின்றது அது.

இப்போது அக்கி. சின்ன வயதில் சின்னம்மை போட்டபோது உள்ளே வந்த அதே வைரஸ், முன்பு சொன்ன நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் தங்கியிருக்கிறது. வயதாகி எதிர்ப்பு சக்தி குறையும்போது ஏதாவது ஒரு முடிச்சில் விழித்துக்கொண்டு, அதன் இழைகள் வழியே தோலுக்கு வருகிறது. கொப்புளங்கள் உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, நடுக்கோட்டில் வெட்டியதுபோல நிற்பதற்குக் காரணம் அது ஒரே முடிச்சின் ஆட்சிப் பகுதி என்பதே. வரும் வழியில் முடிச்சின் செல்களைச் சேதப்படுத்திவிடுகிறது. சேதப்பட்ட செல்கள், யாரும் தொடாமலே தாமாகத் துடிக்கின்றன. அந்த ஓயாத துடிப்பில் பின்கொம்பின் செல்கள் மேலே சொன்ன மாதிரி கூர்மையேறுகின்றன. அதோடு அடக்கும் செல்களின் பிடியும் தளர்கிறது. நரம்புக் காயம்பட்ட எலிகளில் இது எப்படி நடக்கிறது என்று 2003, 2005 ஆண்டு ஆய்வுகள் காட்டின: காயத்தால் கிளர்ந்த மைக்ரோகிளியா செல்கள் (தண்டுவடத்தின் காவல் செல்கள்) விடும் ஒரு புரதம், பின்கொம்புச் செல்கள் தங்களுக்குள் இருக்கும் குளோரைடை வெளியேற்றும் திறனைக் குறைக்கிறது. குளோரைடு உள்ளேயே தேங்கினால் காபாவால் அந்தச் செல்லை அமைதிப்படுத்த முடியாது.

விளைவு என்ன? தொடுதலைக் கொண்டுவரும் ஏ-பீட்டா இழைகளின் செய்தி, தடை இல்லாததால் வலிச் செல்களுக்குள் கசிகிறது. முழங்காலைத் தேய்த்தபோது வலியைத் தணித்த அதே இழைகள் இப்போது வலியைக் கொண்டுவருகின்றன. பருத்திச் சட்டை உரசினால் எரிகிறது, மின்விசிறிக் காற்று பட்டால் எரிகிறது. மனப்பிரமை இல்லை இது. பின்கொம்பில் இணைப்பின் கணக்கு மாறியிருக்கிறது.

ஊரில் அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வார்கள். மும்பைக்கு வந்த பிறகும் அதற்காகவே ஊருக்கு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. எழுதிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை, அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. ஆனால் கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். ரயில் பயணத்தில் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கித் தடுப்பூசியும் இருக்கிறது.

ஓயாத வலியில் தண்டுவடமே மாறிவிடலாம் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்த நாட்களில் “பொறுத்துக்கோ, பல்லைக் கடிச்சுக்கோ” என்று நோயாளிக்குப் புத்தி சொல்வது தப்பு. ஆரம்பத்தில் கடுமையாக வலித்தவர்களுக்கே வலி நிரந்தரமாகும் வாய்ப்பு அதிகம். வலிக்கிறது என்று நர்சிடம் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சந்திப்பில் இத்தனை நடக்கிறது என்றால், மருந்தும் அங்கேதானே வேலை செய்ய வேண்டும்? செய்கிறது. மார்ஃபின் வலி இழையின் முனையில் கால்சியம் நுழையும் வழியை மூடுகிறது, குளுட்டமேட் வெளிவருவது குறைகிறது. எதிர்ச் செல்லிலும் பொட்டாசியத்தை வெளியேற்றி அதை அமைதிப்படுத்துகிறது. 1976இல் யாக்ஷும் ரூடியும் எலிகளின் தண்டுவட நீரில் நேரடியாக மார்ஃபினைச் செலுத்தி, மூளையைத் தொடாமலே வலியை நிறுத்த முடியும் என்று காட்டினார்கள். 1979இல் மனிதர்களுக்கும் அப்படிக் கொடுக்கப்பட்டது. இன்று சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசியில் 0.1 மில்லிகிராம் அளவு மார்ஃபின் சேர்த்தாலே பல மணி நேரம் தாங்குகிறது.

நாட்டில் நெடுங்காலம் இந்த மருந்து, வேண்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1985இன் போதைப்பொருள் சட்டம் அவ்வளவு கடுமையாக இருந்ததால் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினை வைத்திருக்கவே பயந்தன. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. பரேலில் டாடா நினைவு மருத்துவமனையில் வலித் தணிப்புச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் தன் அப்பாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையை “போதை மருந்து” என்று பிள்ளைகள் ஒளித்து வைப்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

2006இல் வந்த ஒரு கண்டுபிடிப்பும் இங்கே பொருந்தும். வடக்குப் பாகிஸ்தானில் வலியே தெரியாமல் பிறந்தவர்கள் உள்ள சில குடும்பங்களை ஆராய்ந்தபோது, அவர்களுக்கு நரம்பில் துடிப்பைக் கிளப்பும் என்ஏவி1.7 என்ற சோடியம் வழி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. தோலிலிருந்தே துடிப்பு கிளம்புவதில்லை போலும் என்று எல்லோரும் எண்ணினார்கள். 2021இல் எலிகளில் செய்த ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது: வெளியே இழைகள் ஓரளவு தூண்டப்படவே செய்கின்றன, தண்டுவடத்தில் செய்தியை ஒப்படைப்பதுதான் நின்றுபோகிறது.

கடைசியாக, மேலிருந்து கீழே வரும் இழைகள். மூளைத்தண்டிலிருந்து நரம்புகள் இறங்கிவந்து பின்கொம்பில் செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் விடுகின்றன. 1969இல் டேவிட் ரெனால்ட்ஸ், எலியின் நடுமூளையில் குறிப்பிட்ட ஓர் இடத்தை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்து இல்லாமலே வயிற்றில் அறுவை செய்தார். இறங்கிவரும் நார்அட்ரினலின் வலிச் செய்தியைக் கீழேயே மட்டுப்படுத்தும். நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலினும் டுலாக்சிடினும் எழுதுவது இந்த ஏற்பாட்டுக்குக் கை கொடுக்கத்தான். மாத்திரையின் பெயரை போனில் தேடிப்பார்த்து, மனச்சோர்வுக்கான மருந்து என்று வந்ததும், “டாக்டரும் என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டார்” என்று மறுநாளே நிறுத்திவிடுகிறவர்களை நான் அறிவேன். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலினின் அளவு பெரும்பாலும் மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைவு. கூடவே தரும் கேபாபென்டினோ ப்ரீகேபாலினோ, இழை முனையின் கால்சியம் வழியில் ஒட்டிக்கொண்டு குளுட்டமேட் கொட்டுவதைக் குறைக்கிறது. ஆரம்பத்தில் தூக்கக் கலக்கமும் வாய் உலர்வும் இருக்கும், அதனால்தான் கொஞ்சமாகத் தொடங்கி மெல்ல ஏற்றுகிறார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வயதானவர்கள் ராத்திரி எழுந்திருக்கும்போது தலை சுற்றி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் போய்ச் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று விட்டுவிடக் கூடாது.